தப்பு செய்வதற்கு முன்னாலேயே மூளை காட்டிக்கொடுக்குமா? (படிவம் 4 அறிவியல் விழாவுக்கு)

சிப்புட்_டீச்சர் கேட்டது:

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படிவம் 4 (16 வயது) பிள்ளைகள் ஐந்து பேர் அறிவியல் விழாவுக்கு ஒரு செயல்திட்டம் செய்கிறார்கள். திரும்பத் திரும்பச் செய்கிற சுலபமான வேலையில் தப்பு வரப்போகிறது என்பதை மூளை முன்கூட்டியே காட்டுமா என்பதுதான் தலைப்பு. "30 விநாடிக்கு முன்னாலேயே தெரிந்துவிடும்" என்று எங்கோ படித்துவிட்டு அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

கையில் இருப்பது: இரவல் வாங்கிய எட்டு சேனல் இஇஜி போர்டு (தலையில் எலெக்ட்ரோடு வைத்து மூளையின் மின்சாரத்தை அளப்பது) ஒன்று, விண்டோஸ் லேப்டாப் ஒன்று, மூன்று சனிக்கிழமைகள்.

அந்த 30 விநாடி உண்மையா? உண்மையென்றால் இந்தப் போர்டில் பிடிபடுமா? இன்னொன்று: இப்படிப்பட்ட சோதனைகளில் காட்டுகிற எண்களுக்குப் பதிலாகச் செம்பனைக் குலைப் படங்களைக் காட்டி, பழுத்திருந்தால் பட்டனைத் தட்டு, காயாக இருந்தால் தட்டாதே என்று வைக்கலாமா என்கிறார்கள். பாதிப் பேர் வீட்டில் ஆலை வேலைதான், ஊருக்குப் பொருத்தமாக இருக்குமாம்.

அலைவரிசை:

டீச்சர், 30 விநாடி பொய்யில்லை. ஆனால் அது உங்கள் போர்டில் வராது.

அந்த எண் 2008-ல் வெளிவந்த ஓர் ஆய்விலிருந்து வந்தது. நார்வே பெர்கன் பல்கலைக்கழகத்து டாம் ஐகெலேயும், வேறு இடங்களைச் சேர்ந்த மார்க்குஸ் உல்ஸ்பெர்கர், ஸ்டெஃபான் டெபெனர் முதலியோரும் சேர்ந்து செய்தது. 13 பேரை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து அம்புக்குறிப் பயிற்சி கொடுத்தார்கள். ஐந்து அம்புகள் வரும். நடு அம்பு எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கத்துப் பட்டனைத் தட்ட வேண்டும். சுற்றியிருக்கும் அம்புகள் எதிர்ப்பக்கம் காட்டிக் குழப்பும். தப்பு விழுவதற்குச் சுமார் 30 விநாடிக்கு முன்பிருந்தே இரண்டு மாற்றங்கள் மெல்ல நடந்தன. சும்மா இருக்கும்போது சுறுசுறுப்பாகவும், வேலை செய்யும்போது அடங்கியும் இருக்கிற பகுதிகள் (மூளையின் பின்நடுவில் உள்ள பிரிகியூனியஸ் அவற்றில் ஒன்று) கொஞ்சம் கொஞ்சமாகத் தலைதூக்கின. அதே நேரத்தில், முயற்சியை இழுத்துப் பிடிக்கிற முன்மூளைப் பகுதிகள் தளர்ந்தன. தப்பு நடந்ததும் இரண்டும் சட்டென்று பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன.

இதைப் படிக்கும்போது இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். எம்ஆர்ஐ அளப்பது நரம்புகளின் மின்சாரத்தை இல்லை. இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் மாற்றத்தை. அது நரம்பு வேலை செய்து ஐந்தாறு விநாடி கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அடுத்து, அந்தக் கோடு பல பேருடைய பல தப்புகளைச் சேர்த்து எடுத்த சராசரி. "இதோ இந்த ஆள், இந்த நொடியில், தப்பு செய்யப்போகிறார்" என்று யாரும் அங்கே சொல்லவில்லை. பத்திரிகைத் தலைப்பில்தான் அப்படி ஆகிவிடுகிறது.

உங்கள் கருவிக்குப் பக்கத்தில் வருகிற வேலைகள் வேறு. 2009-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஒகானல் குழு, வரிசையாக வரும் படங்களில் எது மற்றவற்றைவிடக் கொஞ்சம் நீண்ட நேரம் நிற்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லி இஇஜி எடுத்தது. கவனம் தவறிய இடங்களில் ஆல்பா அலை சுமார் 20 விநாடிக்கு முன்பிருந்தே கூடிக்கொண்டு வந்தது. அதே ஆண்டு மசாஹேரி, ஓலே யென்சன் முதலியோர், தட்டக்கூடாத எண்ணுக்குத் தட்டிவிடுகிற தப்பை, மூளையின் காந்தப்புலத்தை அளக்கிற கருவியால் (எம்ஆர்ஐ இல்லை) பார்த்தார்கள். எண் திரையில் தோன்றுவதற்கு முந்தைய ஒரு விநாடியில் பின்தலை ஆல்பா, தப்பான தடவைகளில் சுமார் 25 விழுக்காடு அதிகம். கை அசைவுப் பகுதியின் மியூ அலையும் கூடியிருந்தது. ஆல்பா என்பது விநாடிக்கு 8 முதல் 13 துடிப்பு. கண்ணை மூடினால் பின்தலையில் பொங்கி வருகிற அலை. மனித இஇஜியை முதலில் பதிவு செய்த ஹான்ஸ் பெர்கர் 1929-ல் எழுதியதே அதைப் பற்றித்தான்.

தப்பு செய்த 50 முதல் 100 மில்லிவிநாடிக்குள் நடுத்தலையில் கீழிறங்குகிற ஒரு மின் அலை உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஃபால்கன்ஸ்டைன் குழுவும் கேரிங் குழுவும் தனித்தனியாகக் கண்டது. அதையும் "முன்னறிவிப்பு" என்று சிலர் எழுதுகிறார்கள். அது தப்பு நடந்த பிறகு வருவது. பிள்ளைகள் இதைக் குழப்பிக்கொண்டால் நடுவர் முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவார்.

குலைப்படம் வேண்டாம். குலையின் நிறம் வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறும், ஒரு படம் சுலபமாகவும் ஒரு படம் கஷ்டமாகவும் இருக்கும். அப்போது தப்புக்குக் காரணம் கவனமா, படமா என்று பிரிக்க முடியாது. இந்த ஆய்வுகள் எல்லாமே "யாருக்கும் தெரிந்த வேலையில் ஏன் தப்பு வருகிறது" என்று கேட்பவை. வேலை அசட்டுத்தனமாகச் சுலபமாக இருப்பதுதான் இதற்கு உயிர். 1 முதல் 9 வரை எண், எல்லாவற்றுக்கும் தட்டு, 3 வந்தால் மட்டும் தட்டாதே. அது போதும்.

கருவிப்பெட்டி:

அண்ணன் சொன்ன எண் பயிற்சியின் அளவுகள் இவை. ராபர்ட்சன் குழு 1997-ல் வெளியிட்ட வடிவம்: 225 எண்கள், அதில் 3 என்பது 25 தடவை. ஒவ்வொரு எண்ணும் 250 மில்லிவிநாடி, பிறகு 900 மில்லிவிநாடிக்கு மறைப்புக் குறி. லேப்டாப் திரை விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் 15 ஃபிரேம் எண், 54 ஃபிரேம் மறைப்பு என்று ஃபிரேம் கணக்கில் போடுங்கள், மில்லிவிநாடியில் போட வேண்டாம். ஒரு சுற்று 4 நிமிடம் 19 விநாடி. சைக்கோபை மென்பொருள் இலவசம், அதில் இதைச் செய்ய ஒரு மதியம் போதும். எண்ணின் எழுத்தளவை ஐந்து அளவாக மாற்றி மாற்றிக் காட்டுங்கள்; இல்லாவிட்டால் பிள்ளைகள் எண்ணைப் படிக்காமல் 3-இன் வளைவை மட்டும் பார்த்துப் பழகிவிடுவார்கள்.

ஒரு சுற்றில் 25 மூன்றுதான். அதில் பத்து தப்பு விழுந்தாலும் இஇஜிக்குப் போதாது. ஆளுக்கு நான்கு சுற்று, நடுவில் இரண்டிரண்டு நிமிட ஓய்வு. யூஎஸ்பி கம்பி உள்ள விசைப்பலகை பயன்படுத்துங்கள். புளூடூத் விசைப்பலகை ஒரு தடவை சீக்கிரமும் ஒரு தடவை தாமதமுமாகப் பதிவு செய்யும்.

எலெக்ட்ரோடு: பின்தலையில் நடுவில் கைவைத்தால் ஒரு மேடு தட்டுப்படும். மூக்கின் மேல்பள்ளத்திலிருந்து அந்த மேடு வரை தலையின் மேல் வழியாக டேப் வைத்து அளந்து பாருங்கள். 35 செ.மீ. வந்தால், மேட்டிலிருந்து 3.5 செ.மீ. மேலே முதல் எலெக்ட்ரோடு, 10.5 செ.மீ. மேலே இன்னொன்று, சரிபாதியில் உச்சந்தலைக்கு ஒன்று. முதல் எலெக்ட்ரோடுக்கு இருபுறமும் ஒவ்வொன்று. மிச்சம் மூன்றையும் உச்சந்தலைக்கு இடம், வலம், முன் என்று வையுங்கள். ஒரு காது மடலில் ரெஃபரன்ஸ் (மற்ற எலெக்ட்ரோடுகளை ஒப்பிடுகிற முனை), மற்றதில் கிரவுண்ட்.

நம் ஊரில் இது கெட்டுப்போவது மூன்று காரணத்தால். முதலாவது தேங்காய் எண்ணெய். முதல் நாள் இரவே ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு, காலையில் எண்ணெய் தொடாமல் வரச் சொல்லுங்கள். எண்ணெய்த் தலையில் எவ்வளவு பேஸ்ட் வைத்தாலும் தொடர்பு பிடிக்காது. ஆல்கஹால் பஞ்சால் துடைத்து, முடியைப் பிரித்து, தோலில் படும்படி வைக்க வேண்டும். மின்தடை 10 கிலோ ஓமுக்குக் கீழே வரும்வரை தொடங்க வேண்டாம். இரண்டாவது வேர்வை. வேர்த்தால் அலை மெதுவாக மேலும் கீழுமாக மிதக்கும். 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வடிகட்டினால் பாதி சரியாகும், ஏர்கோன் அறை கிடைத்தால் முழுதாகச் சரியாகும். மூன்றாவது 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள், குழல் விளக்கை அணைத்துவிடுங்கள்.

தொடங்கும் முன் 30 விநாடி கண் திறந்து, 30 விநாடி கண் மூடிப் பதிவு செய்யுங்கள். மூடியபோது 10 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு மேடு எழும்பினால் கருவி வேலை செய்கிறது என்று அர்த்தம். சிலருக்கு இயல்பிலேயே ஆல்பா மிகச் சின்னதாக இருக்கும். அந்தப் பிள்ளையிடம் "உனக்கு ஏதோ கோளாறு" என்று யாரும் விளையாட்டுக்குக்கூடச் சொல்லக்கூடாது. பெற்றோர் கையெழுத்தும் முதலிலேயே வாங்கிவிடுங்கள்.

அலைவரிசை:

எல்லாம் சரி, ஒரே ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். 1.15 விநாடிக்கு ஓர் எண் என்றால், 3 தோன்றுவதற்கு முந்தைய ஒரு விநாடிக்குள் போன எண்ணும், அதற்குத் தட்டிய விரலும் வந்துவிடும். ஓர் எண் தோன்றினாலே பின்தலை ஆல்பா சரிந்து பிறகு ஏறும். விரல் அசைந்தால் மியூ சரியும். நீங்கள் அளப்பது கவனத்தையா, போன தட்டலின் வாலையா என்று தெரியாது.

இடைவெளியை 2 விநாடியாக்குங்கள்: 15 ஃபிரேம் எண், 105 ஃபிரேம் நடுவில் சின்னப் புள்ளி மட்டும். கை பெரும்பாலும் 300, 400 மில்லிவிநாடியில் தட்டிவிடும், ஆகவே கடைசி 800 மில்லிவிநாடி ஓரளவு சுத்தமாகக் கிடைக்கும். அந்த 800-ஐ வெட்டி எடுத்து, 8 முதல் 12 ஹெர்ட்ஸ் வரை உள்ள சக்தியைக் கணக்கிட்டு, லாக் எடுத்துவிட்டு ஒப்பிடுங்கள்.

கருவிப்பெட்டி:

ஒப்புக்கொள்கிறேன், அதை விட்டுவிட்டேன். ஆனால் அதற்கும் ஒரு விலை உண்டு: வேகம் குறைந்தால் தப்பும் குறையும். சுற்று 7 நிமிடம் 30 விநாடி ஆகும், நான்கு சுற்றுக்கு அரை மணி. அலுப்பு கூடுவதால் கடைசி இரண்டு சுற்றில் தப்பு விழும் என்று நம்பலாம். "வேகமாகத் தட்டு" என்பதை ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் சொல்லுங்கள்.

நேரக்குறியை (எண் திரையில் தோன்றிய நொடியை இஇஜி பதிவில் குறிப்பது) பற்றிப் பயம் வேண்டாம். திரையின் மூலையில் ஒரு வெள்ளைக் கட்டம் வரச் செய்து, அதன்மேல் ஒளி உணரி ஒன்றை ஒட்டிப் போர்டின் அனலாக் முனையில் கொடுத்தால் போதும். 800 மில்லிவிநாடி சராசரியில் 20, 30 மில்லிவிநாடி பிசகு ஒன்றும் செய்யாது. தப்புக்குப் பிறகு வருகிற அலையைத் தேடினால்தான் அது கெடுக்கும்.

ராம்ப்_மண்டோர்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஆலையில் லாரி குலை கொட்டுகிற மேடையான ராம்பில், குலை தரம் பார்க்கும்போது இதை நேரடியாகப் பயன்படுத்த முடியாதா? தலையில் மாட்டுகிற பட்டை இப்போது கடையிலேயே கிடைக்கிறது. ஆல்பா ஏறும்போது பீப் அடித்தால் பையன் திரும்பிப் பார்ப்பான். காய்க்குலை உள்ளே போய்விட்டால் எண்ணெய் விழுக்காடு இறங்கி, பிறகு எல்லார் தலையும் உருளுகிறது.

அலைவரிசை:

அண்ணே, கணக்கைப் பாருங்கள். ஒரு ஷிப்டில் 1,000 குலை பார்ப்பதாகவும், 10 குலையில் தப்பு விழுவதாகவும் வைத்துக்கொள்வோம். கருவி நல்ல கருவி: வரப்போகும் தப்பில் 70 விழுக்காட்டைப் பிடிக்கிறது, சரியான குலையில் 30 விழுக்காட்டுக்கு வீணாக அடிக்கிறது. அப்போது உண்மையான பீப் 7. வீண் பீப் 990-இல் 30 விழுக்காடு, அதாவது 297. 43 தடவை அடித்தால் ஒரு தடவைதான் அர்த்தம் இருக்கும். முதல் மணி நேரத்திலேயே பட்டையைக் கழற்றிச் சுவரில் மாட்டிவிடுவார்கள்.

இவை நான் உதாரணத்துக்குப் போட்ட எண்கள், ஆனால் தப்பு அரிதாகவும் வீண் பீப் கணிசமாகவும் இருக்கும்வரை இதே கதிதான். இதுபோக ராம்பில் ஆள் நடக்கிறான், குனிகிறான், கொக்கியால் குலையைப் புரட்டுகிறான், தாடையைக் கடிக்கிறான். தசையின் மின்சாரம் மூளையின் மின்சாரத்தைவிடப் பல மடங்கு பெரியது. நெற்றிப் பட்டைகள் எலெக்ட்ரோடை வைப்பதும் பெரும்பாலும் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும்தான். நீங்கள் தேடுகிற ஆல்பா பின்தலையில்.

இரவு ஷிப்டில் விடியற்காலை 3 முதல் 5 மணி வரை வருகிற தப்பு வேறு வகை. அது மனம் அலைவது இல்லை, தூக்கம். அதற்குத் தலையில் ஒன்றும் மாட்ட வேண்டாம்: 3 நிமிட எதிர்வினைச் சோதனை போதும். திரையில் புள்ளி வந்ததும் தட்ட வேண்டும், எப்போது வரும் என்று தெரியாது. டிங்கஸும் பவலும் 1985-ல் செய்த மூலச் சோதனை 10 நிமிடம். 500 மில்லிவிநாடியைத் தாண்டினால் ஒரு தவறல் என்று கணக்கு. 3 நிமிடச் சுருக்கத்தில் எல்லை 355. ஷிப்ட் தொடக்கத்தில் ஒரு தடவை, 3 மணிக்கு ஒரு தடவை எடுத்து, அதே ஆளின் எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். பக்கத்து ஆளோடு ஒப்பிட்டால் சண்டைதான் வரும்.

தரம் பார்ப்பதற்கு என் யோசனை ஜப்பான் ரயில்காரர்களின் வழி. கையால் சுட்டிக்காட்டி, வாய்விட்டுச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போவது. அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆய்வகத்தின் சோதனையில் 100 செயலுக்கு 2.38 தப்பு இருந்தது 0.38 ஆக இறங்கியது. செம்பனையில் இதற்கு வசதியும் இருக்கிறது: பழுத்த குலை என்பதற்கு நிறத்தோடு பழம் உதிர்ந்த குழி குறைந்தது பத்து வேண்டும் என்பது மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் விதி. "நிறம், பத்து" என்று குழியைத் தொட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வாய் சொல்ல வேண்டுமென்றால் கண் பார்த்தே ஆகவேண்டும். ராம்பில் கத்திச் சொல்ல வெட்கப்படுவார்கள், இரண்டு வாரம் பொறுங்கள்.

தீம்பாங்_கிராணி:

எடைப்பாலத்துக்கும் இது பொருந்தும். எடையைக் கையால் அடிக்கிற இடங்களில் அதிகம் வருவது இரண்டு இலக்கம் இடம் மாறுவது. 23,450 என்பதை 24,350 என்று அடித்தால் வித்தியாசம் 900. அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் மீதியில்லாமல் வகுபடும். நாள்முடிவில் கணக்கு உதைத்தால் முதலில் 9-ஆல் வகுத்துப் பாருங்கள். வகுபட்டால் இடம்மாறிய சீட்டைத் தேடலாம், வகுபடாவிட்டால் விடுபட்ட சீட்டைத் தேடலாம். மூளையைப் பார்க்காமலே தப்பைப் பிடிக்கிற வழி.

சிப்புட்_டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. பிள்ளைகளுக்குக் குலைப்படம் போனதில் வருத்தம், ஆனால் காரணம் புரிந்துவிட்டது. ஒரு சந்தேகம்: ஐந்து பேரிடம் எடுத்து ஆல்பாவில் வித்தியாசமே வராவிட்டால் என்ன செய்வது? வெறுங்கையோடு விழாவுக்குப் போக முடியாதே.

கருவிப்பெட்டி:

வெறுங்கை ஆகாது டீச்சர், தட்டிய நேரம் இருக்கிறதே. ஒவ்வொரு 3-க்கும் முந்தைய நான்கு தட்டல்களின் சராசரி நேரத்தை எக்செலில் எடுங்கள். தப்பாகத் தட்டிய 3-களுக்கு முன்னால் அந்தச் சராசரி குறைந்திருக்கும், அதாவது கை வேகமெடுத்திருக்கும். 1997 ஆய்விலேயே இது இருக்கிறது. நான்கு தட்டல் என்றால் உங்கள் வேகத்தில் எட்டு விநாடி முன்னறிவிப்பு. எட்டு சேனல் போர்டு தராததை விசைப்பலகை தந்துவிடும். ஐந்து பேரோடு நிறுத்தாமல் வகுப்பில் 30 பேரிடம் இதை மட்டும் எடுக்கலாம், பேஸ்ட் வேண்டாம், ஷாம்பு வேண்டாம்.

அலைவரிசை:

அதுதான் முதன்மை முடிவாக இருக்க வேண்டும், ஆல்பா துணைக்கு. இரண்டிலும் ஒரே பொறி இருக்கிறது: நேரம் போகப் போகத் தப்பும் கூடும், ஆல்பாவும் தன்னால் கூடும். மொத்தத் தப்பையும் மொத்தச் சரியையும் ஒப்பிட்டால் "களைப்பு" என்ற ஒன்றையே இரண்டு பெயரில் அளந்திருப்பீர்கள். ஒவ்வொரு தப்பான 3-க்கும் அதே சுற்றில் பக்கத்தில் வந்த சரியான 3 ஒன்றை ஜோடி சேருங்கள். ஒரு தப்பு முடிந்த அடுத்த ஐந்து எண்களுக்குள் வருகிற 3-களை எடுத்துவிடுங்கள். தப்பு செய்ததும் கை தானாக நிதானமாகிவிடும், ரேபிட் 1966-லேயே இதைக் காட்டிவிட்டார். எந்த 3-ஐச் சேர்ப்பது, எதை நீக்குவது என்ற விதியைத் தரவைத் திறப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டுச் சுவரில் ஒட்டிவையுங்கள். நடுவரிடம் அந்தத் தாளையும் காட்டலாம்.

ராம்ப்_மண்டோர்:

30 பேர் வேண்டுமென்றால் இரவு ஷிப்ட் ஆட்களும் வருவார்கள் டீச்சர். பேஸ்ட் இல்லையென்றால்.